பேரிகார்டு வைத்த தெருவும் அடுத்த தெருவும்

சென்னை, ஆவடி மாநகரக் காவல் ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு,

வணக்கம். குற்றம் அதிகம் நடக்கும் இடங்களைக் குறித்துவைத்து ரோந்தை அங்கே குவிக்கும் முறையைப் பற்றி வடசென்னையில் இரண்டு விதமான பேச்சு உண்டு. காவல் துறையில் கேட்டால் "ஹாட் ஸ்பாட்டில் கேஸ் குறைந்திருக்கிறது" என்பார்கள். டீக்கடையில் கேட்டால் "இங்க தொரத்துனா அங்க போவான், அவ்ளோதான்" என்பார்கள். இரண்டுமே பாதி சரி. எந்தக் குற்றத்துக்கு எந்தப் பாதி சரி என்பதை அளந்து பார்க்கலாம். ஆனால் ரோந்து தொடங்குவதற்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

முதலில் ஹாட் ஸ்பாட் என்ற சொல்லைப் பற்றி. வியாசர்பாடி ஹாட் ஸ்பாட் அல்ல. புளியந்தோப்பும் அல்ல, காசிமேடும் அல்ல. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 1989ல் வந்தது. சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. இந்த முறையின் பலமே அந்தச் சிறிய அளவில்தான் இருக்கிறது. ஒரு முனையிலிருந்து அடுத்த முனை வரை, இரண்டு பக்க வீடுகளும் கடைகளும் சேர்ந்த ஒரு தெருத்துண்டு: அதுதான் ஹாட் ஸ்பாட். பேட்டை முழுவதையும் வரைபடத்தில் சிவப்பாக்கினால் ரோந்து நீர்த்துப்போகும், அங்கே குடியிருப்பவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம் விழும். வேலை கேட்டுப் போகும் பையன் வீட்டு முகவரி சொல்லத் தயங்குவது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல.

அடுத்தது நேரம். மினியாபொலிஸ் ரோந்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 1995ல் ஒன்றைக் கண்டார்கள். போலீஸ் 10 முதல் 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்துவிட்டுப் போனால், போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கே அமைதி நிற்கிறது. அதற்கு மேல் நின்றால் கூடுதல் பலன் தேய்ந்துகொண்டே போகிறது. முனையில் ஜிப்சியை நிறுத்தி இரண்டு மணி நேரம் செல்போன் பார்ப்பதைவிட, கால் மணி நேரம் இறங்கி நடந்து, நாலு கடைக்காரரிடம் பேசிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவது மேல்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பைக், இரண்டு காவலர், ஐந்து தெருத்துண்டுகள். ஒவ்வொன்றிலும் 15 நிமிடம், இடையே போக 8 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டில் காகிதத்தில் நாலு சுற்று வரும். அழைப்பு, சாப்பாடு, ஸ்டேஷன் வேலை எல்லாம் போக மூன்று சுற்று கிடைத்தால் பெரிது. இப்படி ஐந்து குழுக்கள் இருந்தால் 25 துண்டுகளைப் பார்த்துக்கொள்ளலாம். போகும் வரிசை தினமும் மாற வேண்டும். ரோந்து வந்ததற்குக் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தில் தினமும் ஒரே நேரத்தில் கையெழுத்து விழுந்தால், அந்த நேரத்தைக் காவலருக்கு முன்பே தெரு தெரிந்துகொள்ளும். செயலியில் செக்-இன் செய்தாலும் இதே கதைதான். அது ஆள் வந்ததைச் சொல்லும், நடந்தாரா என்று சொல்லாது.

நிலையான பேரிகார்டுக்கும் இது பொருந்தும். ராஜஸ்தான் காவல் துறையோடு சேர்ந்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர், போதையில் வண்டி ஓட்டுவதைத் தடுக்கும் தணிக்கையைச் சோதித்தார்கள். இடம் மாற்றி மாற்றி வைத்த தணிக்கையால் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு விபத்து மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் வைத்த தணிக்கையால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஓட்டிகள் மாற்று வழியைக் கண்டுகொண்டார்கள். மின்ட் பக்கம் பேரிகார்டு இருக்கிறதென்றால் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று இங்கே பள்ளிப் பையனுக்கும் தெரியும்.

சரி, குற்றம் நகர்கிறதா? கேட்க வேண்டியது, எந்தக் குற்றம் என்பதுதான். டாஸ்மாக் வாசலில் இரவு பத்து மணிக்கு நடக்கும் அடிதடி அந்த வாசலோடு ஒட்டியது. அதைத் தடுத்தால் அடுத்த தெருவில் போய் அதே ஆட்கள் அடித்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. கஞ்சா விற்பவனுக்கு வாடிக்கை அந்த இடத்தில் இருக்கிறது. அடுத்த ஏரியா வேறொருவன் கையில். அங்கே போய்க் கடை விரித்தால் வெட்டு விழும். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஹாட் ஸ்பாட் ரோந்தைப் பற்றி 2006ல் வெளியான ஆய்வில், பிடிபட்டவர்களே இதைத்தான் சொன்னார்கள். அங்கே சுற்றுத் தெருக்களில் குற்றம் கூடவில்லை, குறைந்தது. ஆனால் பைக்கில் வந்து செல்போன் பறிப்பவனுக்கு இடம் ஒரு பொருட்டே அல்ல. ஒரு நிறுத்தம் தள்ளிப் போவான். கொலம்பியாவின் பொகோட்டாவில் 2016ல், 1,919 தெருத்துண்டுகளை எடுத்துக்கொண்டு, ரோந்து கூட்டிய துண்டுகளில் அதை நாளுக்கு 92 நிமிடத்திலிருந்து 169 நிமிடமாக்கினார்கள். சொத்துக் குற்றங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்த அறிகுறி தெரிந்தது. வன்முறையில் அப்படித் தெரியவில்லை. ஆகவே கொலை முயற்சியையும் செல்போன் பறிப்பையும் ஒரே எண்ணிக்கையில் கூட்டிப் பத்திரிகைக் குறிப்பு கொடுப்பதில் பொருளில்லை.

நகர்ந்ததை அளக்க மூன்று வட்டாரங்கள் வேண்டும்: ரோந்து கூட்டிய துண்டுகள், அவற்றைச் சுற்றி இரண்டு தெரு அகலத்தில் ஒரு வளையம், எதுவும் மாற்றாத ஓர் ஒப்பீட்டுப் பகுதி. கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். ஆறு மாதத்தில் ஹாட் ஸ்பாட்டில் பறிப்பு 40லிருந்து 25 ஆனது. வளையத்தில் 30லிருந்து 34. ஒப்பீட்டுப் பகுதியில் 100லிருந்து 90. பத்திரிகைக் குறிப்பு "37.5 சதவீதம் குறைவு" என்று வரும். ஆனால் ஒப்பீட்டுப் பகுதியில் தானாகவே பத்து சதவீதம் இறங்கியிருக்கிறது. அந்த வேகத்தில் ஹாட் ஸ்பாட் எப்படியும் 36க்கு வந்திருக்கும், வளையம் 27க்கு. எனவே ரோந்தால் குறைந்தது 11, வளையத்தில் கூடியது 7, நிகர லாபம் 4. லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் வளையத்தை ரோந்துக்குப் பிறகு வரைந்தால் இந்தக் கணக்கே செல்லாது. எங்கே வரைந்தால் எண்ணிக்கை அழகாக வருமோ அங்கே வரையத் தோன்றும்.

வடசென்னையில் இந்த வளையத்துக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2022 ஜனவரியில் சென்னைக் காவல் ஆணையரகம் மூன்றாகப் பிரிந்த பிறகு, திருவொற்றியூர் சென்னையிலும் எண்ணூரும் மணலியும் ஆவடியிலும் இருக்கின்றன. கொருக்குப்பேட்டையில் ரயில் நிலையத்துக்குள் நடந்தால் அது ரயில்வே போலீஸ் கணக்கு. நிலையத்தை விட்டு வெளியே வந்து நடந்தால் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன். திருடனுக்கு எல்லை கிடையாது, பதிவேட்டுக்கு உண்டு. திருவொற்றியூரில் குறைந்து எண்ணூரில் கூடினால் ஒரு ஆணையரகத்துக்குப் பாராட்டும் இன்னொன்றுக்குக் கெட்ட பெயரும் கிடைக்கும். இதனால்தான் இந்த மடலை இருவருக்கும் சேர்த்து எழுதுகிறோம். எல்லையோர வளையத்தின் எண்ணிக்கையை இரு ஆணையரகமும் ரயில்வே போலீசும் மாதம் ஒருமுறை ஒரே வரைபடத்தில் போட வேண்டும்.

எதை எண்ணுவது என்பது இன்னொரு பிரச்சினை. எஃப்.ஐ.ஆர். மட்டும் எண்ணினால், பறிப்பு சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்ததற்கு ஸ்டேஷன் தரும் ஒப்புகை) நின்றாலோ, "செல்போன் தொலைந்தது" என்று மாறினாலோ, குற்றம் குறைந்தது போலவே தெரியும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304வது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. அந்தப் பிரிவில் பதிவானதையும், 100, 112க்கு வந்த அழைப்பையும், சி.எஸ்.ஆர். எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் ஒன்றாக இறங்கினால் நம்பலாம். வெட்டுக் காயத்துக்கு இன்னொரு சாட்சி ஸ்டான்லி மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. பெயரை எடுத்துவிட்டு, நாள், நேரம், தெரு, ஆயுதம் என்ற நாலு விவரம் மட்டும் வாங்கினால் போதும். பிரிட்டனின் கார்டிஃப் நகரம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது.

செய்வதைக் கெடுக்கப்போவது பந்தோபஸ்து. ஒரு பொதுக்கூட்டம், ஒரு ஊர்வலம் என்றால் முதலில் கழற்றப்படுவது இந்த ரோந்துக் குழுதான். வாரத்தில் மூன்று நாள் ஆள் இல்லாமல் போனால், ஆறு மாதம் கழித்து "இந்த முறை பலனளிக்கவில்லை" என்று எழுதக்கூடாது. நடக்கவே இல்லை என்று எழுத வேண்டும். எத்தனை நிமிடம் ரோந்து உண்மையில் நடந்தது என்ற எண் இல்லாத அறிக்கையை நாங்கள் ஏற்கப்போவதில்லை.

ரோந்து மட்டும் போதாது. துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி வரிசை, சாலையையும் நடைபாதையையும் சுவர் போலப் பிரித்துவிடுகிறது. எதிர்ப்பக்கக் கம்பத்து கேமராவுக்கு லாரியின் விலா மட்டும்தான் தெரியும். முப்பது லாரிக்கு ஓர் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் விளக்குப் போட்டால், அது ஒரு காவலர் நிற்பதற்குச் சமம். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் எரியாத விளக்குகளை மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கு ரோந்துக் காவலரே புகார் செய்து, அந்தப் புகாரின் எண்ணைப் பட்டா புத்தகத்தில் குறிக்கட்டும்.

கடைசியாக, இளைஞர்களை நிறுத்துவது பற்றி. 15 நிமிடம் நில்லுங்கள் என்றோம். நிற்கிற பையனையெல்லாம் படம் பிடித்து கைரேகை எடுங்கள் என்று சொல்லவில்லை. எத்தனை பேரை நிறுத்தினீர்கள், அதில் எத்தனை பேர் மேல் வழக்கு வந்தது என்பதையும் அந்த மாத வரைபடத்தோடு வெளியிடுங்கள். முதல் வரைபடத்தை, வளையம் வரைந்த தேதியோடு, ரோந்து தொடங்குவதற்கு முன்பே எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து, குற்றத் தரவுகளைப் படிக்கும் சிலர்