தொலைந்த சாவிக்கு மட்டும்தானா அந்தோணியார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதுவை அந்தோணியார் திருநாளுக்கு நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர், கேட்ட காரியத்தை முடித்துத் தருபவர். மனிதரின் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சந்தோஷம். நானும் கம்மல் தொலைந்து மெழுகுவர்த்தி ஏற்றியவள்தான். அதில் குறை சொல்லவில்லை. ஆனால் சாகும் வருடத்தில் அவர் யாரோடு மல்லுக்கு நின்றார் என்பதற்கு உங்கள் பக்கத்தில் இடமில்லையா?

உங்களுக்குத் தெரியாததல்ல. 1231 தவக்காலத்தில் இத்தாலியின் பதுவை நகரில் தினமும் பிரசங்கம் செய்தார். வட்டிக்காரர்களை வெளுத்து வாங்கினார். அந்த மார்ச் மாதமே நகர ஆட்சி ஒரு சட்டம் போட்டது: கடன்பட்டவன் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால், பணம் கட்ட முடியாத குற்றத்துக்காக அவனைச் சிறையில் போடக்கூடாது. சகோதரர் அந்தோணியின் வேண்டுகோளின்படி என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்றே மாதத்தில், ஜூன் 13 அன்று, இறந்துபோனார். புதுமைதான் வேண்டுமென்றால், செத்துப்போன கஞ்சனின் இருதயம் அவன் பணப்பெட்டிக்குள் கிடந்ததாகச் சொல்வார்களே, அதையாவது போட்டிருக்கலாம். விளம்பரதாரர்கள் வருத்தப்படுவார்கள் போலிருக்கிறது. கட்டுரைக்குக் கீழேயே நகைக்கடன் விளம்பரம்!

கேட்ட காரியம் எல்லாம் நடக்குமாம். வெரோனாவில் எத்சலினோ என்ற கொடுங்கோலனிடம் கைதிகளை விடுவிக்கக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர் இவர். நடக்காது என்று தெரிந்தும் போய்க் கேட்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், என் வீட்டுக்காரர் வள்ளத்து இன்ஜினுக்கு வட்டிக்கு வாங்கினார். முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கையில் கொடுத்தார்கள். தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து. அசலுக்கு மேல் கட்டிய பிறகும் அந்தத் தாள் திரும்பி வரவில்லை. ஆள்தான் வீட்டுக்கு வந்தான், பிள்ளைகள் முன்னால் பேசக்கூடாததைப் பேசினான். கொடுத்த பெரிய மனிதர் சப்பரத்துக்கு முன்னால் மாலையோடு நடக்கிறார். கோவில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் 'உபயம்' என்று அவர் பெயர். புழுக்கத்தில் அதன் கீழேதான் நாங்கள் உட்கார்ந்து நவநாள் சொல்கிறோம்.

இங்கேயும் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. அது எங்கள் தெருவுக்குள் வரவில்லை என்று முன்பு உங்களுக்கு எழுதினேன். 'இடமின்மை' என்று பதில் வந்தது. அதே வாரம் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு அரைப்பக்கம் இருந்தது. சரி, போகட்டும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஜூனிலாவது அந்த 1231 சட்டத்தைப் பற்றி நாலு வரி பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். அப்புறம், கட்டுரையோடு நீங்கள் போட்டிருக்கும் படத்தில் பக்கத்தில் பன்றியோடு நிற்கும் தாடிக்காரர் இவரல்ல, வனத்து அந்தோணியார். எகிப்துக்காரர். அவருக்குத் திருநாள் ஜனவரியில்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
தூத்துக்குடி மாவட்டம்