வீட்டுக் காற்றை அளக்கப்போகிறோம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

நுரையீரல் புற்றுநோய் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "சிகரெட் பழக்கம் உண்டா?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை, முதல் காரணம் புகையிலையேதான். ஆனால் ஒருமுறைகூடப் புகைபிடிக்காத நோயாளி அதற்குப் பதில் சொல்லியே நொந்துபோவதை எங்கள் குழுவில் சிலர் வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறோம். அவர் படுத்துறங்கிய அறையின் காற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்கத்தான் இந்த ஆய்வு. ரேடான் என்ற கதிரியக்க வாயு, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), டீசல் புகை எல்லாம் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். வெளிக்காற்று மாசையும் 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்புறம் இன்னொரு ஆய்வு எதற்கு? ஒருவர் முப்பது நாற்பது வருடமாக இவற்றில் எதை, எவ்வளவு சுவாசித்தார் என்பது தெரிவதில்லை. நோய் தெரியவருவதற்குள் வீடும் அடுப்பும் வேலையும் மாறிவிடுகின்றன.

புகைபிடிக்காத நோயாளிகள், அதே வயதில் நோயில்லாதவர்கள் என இரு தரப்பிலும், இப்போதைய வீட்டோடு, முடிந்தால் பழைய வீடுகளிலும் ரேடானை அளப்போம். ரேடான் அளவி என்றதும் பெரிய இயந்திரத்தை நினைக்க வேண்டாம். கைக்குள் அடங்கும் டப்பா, உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். படுக்கையறை அலமாரியில் மூன்று மாதம் சும்மா கிடக்கும். மண்ணிலிருந்து தரை விரிசல் வழியாக ஏறிவரும் ரேடான் சிதையும்போது தெறிக்கும் ஆல்பா துகள்கள் அந்தப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத வடுக்களை விடும். ஆய்வகத்தில் அதைக் காரக் கரைசலில் ஊறவைத்தால் வடுக்கள் பெரிதாகும், நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம்.

இந்தப் பணத்தில் யாருக்கும் சிகிச்சை நடக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அளவிகள், ஆய்வகக் கட்டணம், வீடு வீடாகப் போய் விசாரிப்பவர்களின் பயணச் செலவு ஆகியவற்றுக்கே போகும். குழுவில் யாருக்கும் சம்பளம் இல்லை. பத்து வீட்டை அளந்துவிட்டு முடிவு சொல்வது ஏமாற்று வேலை. வீடுகள் கூடக்கூடத்தான் கணக்கு நிற்கும். ரேடான் கன மீட்டருக்கு 100 பெக்கரலைத் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டிய வீட்டாருக்கு உடனே சொல்லிவிடுவோம். விரிசலை அடைப்பது, தரைக்கடியில் குழாயும் விசிறியும் வைத்து வாயுவை வெளியேற்றுவது என்று அதற்கு வழி இருக்கிறது.

முடிந்த தொகையைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவை யார் கேட்டாலும் காட்டுவோம். பணம் தர இயலாதவர்கள் மூன்று மாதத்துக்கு அலமாரியில் ஒரு மூலை ஒதுக்கித் தந்தாலும் சரி. நோயில்லாதவர்களின் வீடுகள்தான் எங்களுக்கு இன்னும் போதவில்லை.

இப்படிக்கு,
ஆய்வு நிதிக் குழுவினர்