சாகுலுக்கு

அன்புள்ள சாகுல்,

பெருநாளைக்குக் கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. திட்டிவிடு. வீட்டில் எல்லோரும் சுகம், மூத்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

தங்கச்சி பேரன் "சுன்னத்தோடயே பிறந்திருக்கான்" என்று பெரியம்மா பெருமையாகச் சொல்வதாகச் சிரித்து எழுதியிருந்தாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறியின் முன்தோல் அடியில் இல்லாமல், மேலே மட்டும் சேர்ந்து, சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். இருந்தால் அது ஹைப்போஸ்பேடியாஸ். எனக்குப் பிறவியிலேயே இருந்ததும், சின்ன வயதில் ஆபரேஷன் செய்ததும் இதற்குத்தான். ஆண் குழந்தைகளில் 200, 300 பேருக்கு ஒருவனுக்கு இருக்குமாம். நம் பள்ளியிலேயே இன்னும் சிலர் இருந்திருப்பார்கள், எவனும் வாய் திறக்கவில்லை. நானே ஊருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றுதானே சொன்னேன். ஹாஸ்டலில் கதவுள்ள கக்கூஸுக்காக நான் காத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்த பாவி நீ ஒருத்தன்தான்.

இப்போதைய கதையைக் கேள். கொஞ்ச நாளாகச் சிறுநீர் நூலாக வருகிறது. வயசாச்சு, ப்ராஸ்டேட் என்று நினைத்தேன். டாக்டர் ஒரு மெஷினில் போகச் சொன்னார். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் வந்தால் நல்லதாம், எனக்கு 6. சிறுநீர்க் குழாய் சுருங்கிவிட்டது. கேமரா விட்டுப் பார்த்தால் உள்ளே முடி! சின்ன வயதில் விதைப்பைத் தோலை எடுத்துக் குழாய் செய்திருக்கிறார்கள். அப்போது அது வழவழ தோல். வயசுக்கு வந்ததும் முடி முளைத்து, அதில் கல்லும் படிந்திருக்கிறது.

"பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கா?" என்றார். அப்பாவோடு போயிற்று. அம்மாவோ, "அதான் அப்பவே சரியாகிடுச்சே" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபமே அதில்தான். தையல் பிரித்து அனுப்பியவர்கள், மீசை முளைக்கும்போது ஒருமுறை வந்து காட்டு என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளை பிறக்குமா என்று எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன் தெரியுமா? கேட்க ஒரு ஆள் இல்லையடா.

இனி கன்னத்தின் உள்சதையை எடுத்துப் புதுக் குழாய் செய்வார்களாம். அதில் முடி முளைக்காது, ஈரம் பழகின சதை. இரண்டு ஆபரேஷன், நடுவில் ஆறு மாசமாவது ஆற விட வேண்டும். அதுவரை உட்கார்ந்துதான் போக வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் வாய் என்று கணக்கு வாத்தியார் திட்டுவாரே, பலித்துவிட்டது பார்.

சரி, விஷயத்துக்கு வா. குழந்தைக்குச் சுன்னத் செய்துவிடாதீர்கள். குழாய் சரிசெய்ய அந்தத் தோல் தேவைப்படலாம். குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் இப்போதே காட்டட்டும். ஆபரேஷன் வேண்டுமென்றால் பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் செய்வார்கள். லேசானது என்றால் வேண்டாம் என்றும் சொல்லலாம், அதையும் கேட்கச் சொல். எந்தத் தோலை எடுத்தார்கள் என்று எழுதி வாங்கி, குடும்ப அட்டையோடு சேர்த்து வைக்கட்டும். அவன் பெரியவனாகும்வரை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவனிடமும் மறைக்க வேண்டாம்.

எனக்குப் பொங்கல் முடிந்து தேதி. துணைக்கு நீ வா. மச்சான் வந்தால் அழுவான்.

எந்த டாக்டரிடம் காட்டினார்கள் என்று வாட்ஸப்பில் அனுப்பு. படம் கிடம் அனுப்பித் தொலைக்காதே, என் போன் பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது.

உன்,
முருகன்