அப்பாவின் உள்ளங்கையில் நேரம் எழுதியவருக்கு

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் என் அப்பா சரிந்தபோது தாங்கிப் பிடித்தீர்களே, உங்களுக்குத்தான் இந்த நன்றி. பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

வாய் ஒரு பக்கம் கோணியதையும், வலது கையைத் தூக்க முடியாததையும், பேச்சு குழறியதையும் பார்த்து, பக்கவாதம் என்று உடனே புரிந்துகொண்டீர்கள். யாரோ தண்ணீர் புகட்ட வந்ததைத் தடுத்தீர்களாம். அப்புறம் அப்பாவின் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, உள்ளங்கையில் '10.40' என்று எழுதினீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எப்போது தொடங்கியது என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. பதில் அப்பாவின் கையிலேயே இருந்தது.

அப்பா 34 ஆண்டுகள் ஒரே பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சாயங்காலம் ஆனால் வீடு முழுக்கப் பிள்ளைகள். எழுத்து வராத பிள்ளையின் விரலைப் பிடித்து, சலிக்காமல் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பார். எவ்வளவு நேரமானாலும் எங்கள் நோட்டையும் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். ஓய்வு பெற்ற பிறகும் யாருக்காவது மனு எழுதிக் கொடுக்கக் கிளம்பிவிடுவார். அன்றைக்கும் அதற்குத்தான் போனார்.

பேச்சு இப்போது மெல்லத் திரும்புகிறது. நேற்று கேட்டார்: "நம்மகிட்ட படிச்ச பிள்ளையா?" தெரியவில்லை என்றேன்.

அந்தப் பேனா உங்களிடமே தங்கிவிட்டது போல. நீங்களே வைத்துக்கொள்ளச் சொன்னார்.