புறாமலை: கூட்டத்தைக் குறைப்பது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாமலைத் தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. விடுமுறை நாட்களில் அங்கே சனம் கூடிவிடுகிறது என்று முறையிடுகிறோம். ஆனால் நாள் முழுக்க எத்தனை பேர் போனார்கள் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை பேர் தண்ணீரில் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் அங்குள்ள முருகைக்கல்லுக்கு, அதாவது பவளப்பாறைக்கு, முக்கியம்.

முருகையைப் பார்க்க மிதக்கும் நீச்சல் பழக்கமில்லாதவர், நீச்சல் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறி எழுந்து நிற்கப் பார்ப்பார். காலுக்குக் கீழே மான்கொம்பு முருகை. நல்ல நிலையில் வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை வளரும் கிளை ஒரே மிதியில் போய்விடும். முறிந்த துண்டுகள் அலைக்கு அலை உருளும். முருகையின் குஞ்சுகள் ஒட்டிப் பிடிக்க அசையாத தரை வேண்டும்; உருளும் சல்லியில் ஒட்டினால் நசுங்கிச் சாகும். நொருங்கிய இடம் வருடக்கணக்காகச் சல்லியாகவே கிடப்பது இதனால்தான்.

ஆகவே படகு ஏறுமுன் நிலாவெளி மணலிலேயே பத்து நிமிடம் பழக்க வேண்டும். முகமூடி ஓரத்தில் முடி சிக்கினால் தண்ணீர் கசியும்; பட்டியை இறுக்கிப் பயனில்லை, முடியை ஒதுக்க வேண்டும். மூச்சுவிட வாயில் கவ்வும் குழாயில் தண்ணீர் ஏறினால் பலமாக ஊதித் தள்ள வேண்டும். களைத்தால் மல்லாந்து மிதக்க வேண்டும். நீந்தத் தெரியாதவர் உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது. அவருக்குத் துடுப்புக் காலணியும் வேண்டாம்: நிமிர்ந்தபடி உதைத்தால் மணல் கிளம்பி முருகையின் மேல் படியும்.

அடுத்தது நங்கூரம். முருகைமேல் அது விழக்கூடாது. மணல் திட்டில் கொங்கிறீற் பாரம் இறக்கி, மிதவையில் படகைக் கட்டலாம். இதிலும் கவனம் வேண்டும். சங்கிலி தளர்ந்து கிடந்தால் அடியைச் சுற்றிச் சுரண்டிவிடும். நடுத்தண்ணீரில் சிறு மிதவை ஒன்று அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சங்கிலியை இணைக்கும் கொளுவியின் திருகாணி அலையாட்டத்தில் தானே கழலும்; கம்பியால் கட்டி, மாதம் ஒருமுறை சுழியோடி பார்க்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்துக்கு முன் மேல்மிதவைகளைக் கழற்றிக் கரையேற்ற வேண்டும்.

சனக்கூட்டத்தால் முருகை சிதைந்த தாய்லாந்தின் மாயா குடாவை 2018 யூனில் மூடி 2022 சனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகுகள் குடாவுக்குள் போவதில்லை, பின்பக்க இறங்குதுறையில் ஆளை இறக்குகின்றன. மூடியிருந்த காலத்தில் செட்டை நுனி கறுத்த சுறாக்கள் அங்கே திரும்பி வந்தன. நம் புறாமலைக்குப் பலர் தேடி வருவதும் அதே இனச் சுறாவைப் பார்க்கத்தான். இத்தனை வருடம் மூடிவைத்தால் நம் படகுக்காரரின் அடுப்பு எரியாது. அந்த நிலைக்கு விடக்கூடாது. நுழைவுச்சீட்டில் நேரத்தைக் குறித்து, காலையில் குவிவோரைப் பிரித்து அனுப்பினால் வருமானமும் குறையாது.

மீனுக்குப் பாண் போடுவதையும், மாடப்புறா கூடுகட்டும் பாறைகளில் ஏறுவதையும் இடமே கொடுக்காமல் தடுக்க வேண்டும். வெயிலுக்குப் பூசும் களிம்பு கடலில் கரையும்; அதைவிட நீளக்கைச் சட்டை நல்லது.

வனஜீவராசிகள் திணைக்களமும் படகோட்டிகள் சங்கங்களும் வாடை ஓயும் மாசியிலேயே ஒன்றாக உட்கார்ந்து நேர அட்டவணையைப் போடட்டும். சித்திரை விடுமுறைக் கூட்டம் வருமுன், பங்குனிக்குள், மிதவைகள் தண்ணீரில் இருக்க வேண்டும்.

வாசகர்,
நிலாவெளி, திருகோணமலை