நோய்க் கோழிய விக்காதீங்கோ, ஒழுங்கையாச் சேர்ந்து மருந்து விடுவம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

முட்டை விலை ஏறினா உங்கட பேப்பரில பெரிசா வருது, அது வரத்தான் வேணும், ஆனா வளவுக்குள்ள பத்துப் பதினைஞ்சு ஊர்க்கோழி வச்சு அதில வாற காசில பிள்ளையின்ர கொப்பி பேனையப் பாக்கிற சனத்தப் பத்தி ஒரு மூலையிலயும் காணல்ல எண்ட கவலையிலதான் இத எழுதுறன். சாம்பல்தீவு, நிலாவெளி, தம்பலகாமம், மூதூர் எண்டு எங்க தெரிஞ்ச ஆக்களக் கேட்டாலும் ஒரே கதைதான், நேத்து வரைக்கும் கிளறித் திரிஞ்ச கோழி இண்டைக்குச் செட்டையத் தொங்கப்போட்டு மூலையில தூங்குது, பச்சைத் தண்ணியாக் கழியுது, வாயத் திறந்து திறந்து மூச்சு எடுக்குது, தப்பி நிக்கிறதுக்கும் கழுத்து முறுக்கிப் பின்னால போயிடுது. இது அனேகமா நியூகாசில், இந்தியாவில ராணிக்கெட் எண்டு சொல்லுற அதே வருத்தம், 1926, 27 இல கண்டுபிடிச்சது. நூறு வருசமாகப் போகுது, தடுப்பு மருந்தும் எப்பவோ வந்திட்டு, ஆனா எங்கட வளவுகளில இன்னும் கூடு கூடா வெறுமையாகுது.

எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா, புருசன் கடல் தொழில், அவவின்ர கையில காசு எண்டு இருந்தது அந்தக் கோழிகள்தான். நோய் வந்த உடன பார்மசியில மனுசருக்குக் குடுக்கிற அன்டிபயோட்டிக் குளிசை வாங்கிக் கரைச்சுப் பருக்கினா, சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் எல்லாம் அரைச்சுக் குடுத்தா. அவவக் குறை சொல்ல ஏலாது, பக்கத்தில ஆரும் வேற ஒண்டும் சொல்லிக் குடுக்கல்ல. இது வைரசால வாறது, குளிசைக்கு அது சாகாது, வந்தாப் பிறகு மருந்தே இல்ல, வர முதல் தடுக்கிறதுதான் ஒரே வழி. கடைசியா அந்தச் சேவலை மடியில வச்சுக் கரண்டியால தண்ணி பருக்கிக்கொண்டு இருந்தா, அதின்ர தலை மேல பாத்தபடி சுழண்டுகொண்டே இருந்திச்சு, தண்ணி எல்லாம் சொண்டால வெளியாலதான் வழிஞ்சது.

அந்த நேரம் பாத்துத்தான் மோட்டச்சைக்கிள்ல கூடு கட்டினபடி யாவாரி வாறார். தூங்கிற கோழியையும் தாங்கோ, பாதி விலை தாறன் எண்டு கேக்கிறார். ஏழைச் சனம் என்ன செய்யும், போறது போகுது பாதியெண்டாலும் வரட்டும் எண்டு குடுத்துவிடுது. அந்தக் கூடு அடுத்த ஒழுங்கைக்குப் போகுது, அங்கயிருந்து சந்தைக்குப் போகுது, கூட்டில ஒட்டின எச்சமும் இறகும் சில்லும் செருப்பும் எல்லாம் வருத்தத்தக் காவிக்கொண்டு போகுது. தீபாவளி, நத்தார், பெருநாள் கிட்ட ஊர்க்கோழிக்கு விலை கூடுற நேரம் கோழி ஊர் ஊரா நடமாடுறதும் கூட, அந்தக் கிழமைகளில வருத்தம் பரவுறதும் கூட. அக்கா விக்கல்ல. நோய் பிடிச்சதெல்லாத்தையும் தம்பியாரக் கூப்பிட்டு, கோழி அடிச்சுப் பழகின ஆள், ஒரே இழுவையில கழுத்த முறிச்சு துடிக்க விடாம முடிச்சவை. வெளியில நிண்டு அழுதா. ஆனா அவ செய்ததுதான் சரி, அதுகள் பிழைக்கிற கட்டத்தத் தாண்டிட்டு, உயிரோட வச்சிருந்த ஒவ்வொரு நாளும் மற்ற வீட்டுக் கோழிக்குத்தான் ஆபத்து, அதோட அதுகள் படுற வேதனையும் கொஞ்சமில்ல.

செத்த கோழியப் புதைக்கிறதிலயும் எங்கட பக்கத்தில ஒரு சிக்கல் இருக்கு. கடற்கரைப் பக்கம் மணல் தரை, மாரியில கொஞ்சம் தோண்டினாலே தண்ணி வந்திடும், கிணறும் பக்கத்திலதான். மேலாகத் தாட்டா அண்டிரவே நாய் இழுத்துப் போட்டிடும், காகம் கொத்திக்கொண்டு போய் அடுத்த வளவில போடும். கிணத்துக்குத் தூரமா மேட்டு நிலம் பாத்து ஆழமா வெட்டி, மேல சுண்ணாம்பு தூவி, கல்லையோ பனங்குத்தியையோ பாரம் வைக்க வேணும், இல்லாட்டி எரிக்க வேணும். சொப்பிங் பேக்கில கட்டி வாய்க்காலுக்குள்ளயும் கடற்கரையிலயும் எறியிறத தயவுசெய்து விடுங்கோ. கூட்டச் சவர்க்காரத் தண்ணியால நல்லாக் கழுவி, வெயிலில காயவிட்டு, ஒரு மாசமாவது வெறுமையா விட்டிட்டுத்தான் புதுக் குஞ்சு விடுறது நல்லம்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். தடுப்பு மருந்து குப்பியில வாறது நூறு, இருநூறு, ஆயிரம் கோழிக்குக் கணக்கு. பண்ணைக்காரருக்கு அது சரி, எட்டுக் கோழி வச்சிருக்கிற வீட்டுக்கு? கரைச்சா ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள விட்டு முடிக்க வேணும், மிச்சம் வச்சு நாளைக்கு விட ஏலாது. வழியில ஐஸ் இல்லாமச் சூடு பிடிச்சாலும் மருந்து செத்திடும். இதாலதான் தனி வீடா ஒருத்தரும் வாங்கிறதில்ல. கால்நடை வைத்திய அலுவலகத்தில போய்க் கேட்டா சில இடத்தில நல்லாச் சொல்லித் தருவினம், சில இடத்தில பத்துக் கோழிக்கு என்னத்துக்கு வந்தனீங்கள் எண்ட மாதிரிப் பாக்கினம். என்ர வேண்டுகோள் இதுதான், ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒரு நாள் குறிச்சு, பின்னேரம் கோழி அடையிற நேரம், எல்லா வீட்டுக் கோழிக்கும் ஒண்டாச் சொட்டு மருந்து விடுங்கோ. ஒரு கண்ணில ஒரு சொட்டுத்தான், கண்ண மூடித் திறக்கும் வரைக்கும் பிடிச்சிருந்தாப் போதும், பத்து வயசுப் பிள்ளையும் பழகிடும். மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்கா திருப்பி விட வேணும், குஞ்சுக்கு முதல் கிழமையிலயே தொடங்கலாம். தண்ணியில கலந்து குடுக்கிற ஆக்கள் குளோரின் போட்ட பைப் தண்ணி பாவிக்கப்படாது, மருந்து வேலை செய்யாது, கிணத்துத் தண்ணிதான் நல்லம். ஏற்கனவே தூங்குற கோழிக்கு விட்டுப் பிரயோசனமில்ல.

இன்னொண்டு, கோழி ஒண்டுக்குப் பின்னால ஒண்டாச் சாகாம ஒரேயடியா நிறையச் செத்தா, கொண்டை நீலம் பாரிச்சா, ஆரும் தொட்டு உரிக்கவும் வேணாம் கறி வைக்கவும் வேணாம், உடன அறிவியுங்கோ. பறவைக் காய்ச்சலா நியூகாசிலா எண்டு கண்ணால பாத்துச் சொல்ல மிருக வைத்தியராலயும் ஏலாது, லாப்பில சோதிச்சாத்தான் தெரியும். எங்கட களப்புகளுக்கு வருசா வருசம் மத்திய ஆசியப் பக்கத்தால பறந்து வாற பறவைகள் வந்து தங்குது, அதுகளில பிழையில்ல, ஆனா அந்தத் தண்ணிக் கரையில எங்கட கோழியும் வாத்தும் மேயுது எண்டத மறக்கக் கூடாது. 1997 இல ஹொங்கொங்கில கோழியால பறவைக் காய்ச்சல் 18 பேருக்குத் தொத்தி 6 பேர் செத்தவை, அங்க இருந்த கோழி எல்லாத்தையும், பத்து லட்சத்துக்கு மேல, அரசாங்கமே அழிச்சது.

கொல்லச் சொன்னா நட்டஈடும் குடுக்க வேணும். 2021 இல கேரளாவில ஆலப்புழா, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்து வாத்துகளைக் கொல்லேக்க, ரெண்டு மாசத்துக்கு மேலான ஒண்டுக்கு 200 இந்திய ரூபா, சின்னதுக்கு 100 ரூபா, அழிச்ச முட்டைக்கு 5 ரூபா எண்டு அரசாங்கம் அறிவிச்சது. காசு வரும் எண்டு தெரிஞ்சா ஒருத்தரும் நோயை மறைக்க மாட்டினம், யாவாரிக்குப் பாதி விலைக்குக் குடுக்கவும் மாட்டினம். எங்கட மாகாணத்திலயும் வளவுக் கோழிக்கு இப்பிடி ஒரு ஏற்பாடு, சின்னத் தொகையா இருந்தாலும் பரவாயில்ல, வேணும் எண்டு உங்கட பேப்பர் எழுத வேணும்.

எங்கட ஒழுங்கையில வீடு வீடாக் கேட்டு கோழிக் கணக்கு எழுதத் தொடங்கிட்டம், பெரிய ஐஸ் பிளாஸ்க் ஒண்டும் இரவல் பாத்து வச்சிருக்கிறம். மருந்து குடுக்கிற நாள ஒரு கிழமைக்கு முதல் உங்கட பேப்பரில அறிவிச்சா மற்ற ஊர் ஆக்களும் கோழிய அடைச்சு வச்சுக்கொண்டு காத்திருப்பினம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
சாம்பல்தீவு, திருகோணமலை.