கானாடுகாத்தான் போய் வந்தோம், தாயி

தேவிபட்டினம்
புரட்டாசி

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். போனில் சொன்னால் வேலை அவசரத்தில் நீ பாதிதான் கேட்பாய். இது பாதி கேட்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். பேரனும் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.

எங்கள் கல்யாண நாளுக்கென்று நீ ஏற்பாடு செய்த பழைய செட்டிநாட்டுப் பங்களா ஓட்டலில் அம்மா இருந்த இருப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் அவள் முகம் கழுவி வருவதற்குள் காபி வந்துவிட்டது. யாரோ போட்ட காபியை உட்கார்ந்த இடத்தில் வாங்கிக் குடிக்க அவளுக்கு ஒரே கூச்சம். மறுநாள் பழகிவிட்டது. மத்தியானம் இலை போட்டுக் கோழி வறுவல், வெள்ளைப் பணியாரம், கடைசியில் கவுனி அரிசி. கருஞ்சிவப்பாகத் தேங்காய்ப்பூவோடு வந்த அந்தக் கவுனி அரிசியை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பரிமாறின பெண்ணிடம் பக்குவமும் கேட்டுக்கொண்டாள். ராத்திரி முழுக்க ஊற வேண்டுமாம். மீன் மட்டும் நம் ஊர் மீன்தான் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து. இத்தனை வருஷத்தில் அவள் கை ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. அதைப் பார்க்க வைத்தாயே, அதற்கு உனக்குப் புண்ணியம் உண்டு.

அறை, கட்டில், குளிர்சாதனம், நீச்சல் குளம் எல்லாம் நீ படத்தில் பார்த்தபடிதான் இருக்கின்றன. ஒரு குறையும் இல்லை.

என் கண் போனது சுவருக்குத்தான். கொத்தனார் வேறு எதைப் பார்ப்பான்? முகப்பைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். வெளியே புரட்டாசி வெயில் காய்கிறது, சுவர் சில்லென்று இருக்கிறது. நகத்தால் லேசாக வருடினால் வழுக்குகிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் தெரிகிறது. பெயிண்ட் கிடையாது, வார்னிஷ் கிடையாது. வெறும் சுண்ணாம்பு. வீட்டை மேற்பார்வை பார்க்கிற பெரியவர் நான் தடவுவதைப் பார்த்துவிட்டு, “நீங்க கொத்து வேலைக்காரரா?” என்று கேட்டார். அப்புறம் எங்கள் பேச்சு நிற்கவே இல்லை.

அது கிளிஞ்சல் சுண்ணாம்பு, தாயி. கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிக் காளவாசலில் சுட்டு, தண்ணீர் விட்டுத் தாளித்து, நாள் கணக்கில் ஊறப்போட்டு, மணலோடு சேர்த்துக் கல் சக்கரத்தில் அரைப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேரும். ஒரு பூச்சு இறுகிய பிறகு அதற்கு மேல் இன்னொரு பூச்சு. மேலே போகப்போக விழுது மெலிந்துகொண்டே போகும். கடைசிப் பூச்சுக்குத் துணியில் வடிகட்டின சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். அது காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கையை எடுத்துவிட்டுச் சாப்பிடப் போக முடியாது. உன் தாத்தா இந்த வேலைதான் செய்தார். நான் சின்னப் பையனாக முட்டை உடைத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கரணை பிடிக்கிற வயது வந்தபோது ஊரெல்லாம் சிமெண்ட் வந்துவிட்டது.

சாயங்காலம் ஒரு மழை பிடித்தது. நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டியது. நடுவில் கல் தளம், ஓரத்தில் வாய்க்கால், அது போய்ச் சேருகிற தொட்டி. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மொத்தமும் வடிந்துவிட்டது, சுற்றியிருந்த தாழ்வாரத்தில் ஒரு சொட்டுக் கிடையாது. வானம் பார்த்த சீமையில் வீடு கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லை வாசல். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று நேராக ஓடுகிறது.

தேக்குத் தூண் எல்லாம் பர்மாவிலிருந்து வந்தது. ரங்கூன், மலாயா, கொழும்பு என்று போய் நகரத்தார் சம்பாதித்த காசு அது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு கொழும்புக்குப் போகிறவர்கள் நம் ஊர்ப் பக்கமாக ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். அப்போது கானாடுகாத்தானும் நம் ராமநாதபுரம் ஜில்லாதான். 1985இல்தான் பிரித்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா போனது, அதோடு வருமானமும் போனது. எத்தனையோ வீடுகளைத் தூண் வேறு கதவு வேறு என்று பிரித்து விற்றுவிட்டதாகப் பெரியவர் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது. இந்த வீடு தப்பித்தது விருந்தாளிகள் வந்து தங்குவதால்தான். அதனால் நீ கொடுத்த காசு வீண் என்று யார் சொன்னாலும் நம்பாதே. அந்தக் காசில்தான் அந்தச் சுவர் நிற்கிறது.

ஆத்தங்குடிக்கும் கூட்டிப்போனார்கள். தரைக்கல் செய்கிற இடம். கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவத்துக்குள் கரண்டியால் சாயக் கலவையை ஊற்றி, அதன் மேல் காய்ந்த கலவையைத் தூவி, கடைசியில் சிமெண்ட் சாந்தைப் போட்டு அமுக்குகிறார்கள். சூளையே கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் கண்ணாடியைக் கழற்றினால் முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. கையால் ஊற்றுவதால் ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இல்லை.

சரி, இப்போது நம் வீட்டு விஷயம். முன்கட்டையும் சேர்த்து இடித்துவிட்டு மொத்தமாகக் கான்கிரீட் மாடி போடலாமா என்று நீ சித்திரையில் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன்: முன்கட்டை இடிக்க வேண்டாம்.

பாசத்தில் மட்டும் சொல்லவில்லை, தொழில் தெரிந்துதான் சொல்கிறேன். நம் வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். உப்புக்காற்று சிமெண்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியைப் பிடிக்கும். துருப்பிடித்தால், அந்தத் துரு தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மூன்று மடங்கு ஊதும். ஊதினால் மேலே இருக்கிற கான்கிரீட் பாளம் பாளமாக விழும். இந்தக் கடலோரத்தில் எத்தனை சிலாப்பைத் தட்டிச் சுரண்டிப் பூசிக் கொடுத்திருக்கிறேன்! தாத்தா கட்டின முன்கட்டில் கம்பியே கிடையாது, அரிப்பதற்கு எதுவும் இல்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். தனுஷ்கோடிக்குப் போனபோது மாதாகோயில் சுவரைப் பார்த்தாயே. 1964 புயலில் கூரை போய், ஊரே போய், பவளக்கல்லும் சுண்ணாம்பும் இன்னும் நிற்கின்றன. இப்போது கடலிலிருந்து பவளக்கல் எடுக்கச் சட்டம் விடாது, எடுக்கவும் கூடாது. மீன் குஞ்சு வளர்கிற இடம் அது. நமக்கு அது தேவையும் இல்லை. சுவர் இருக்கிறது, பூச்சுதான் உதிர்ந்திருக்கிறது.

நீ மாடி கட்ட ஒதுக்கின பணத்தில் பின்கட்டை வேண்டுமானால் புதிதாகக் கட்டிக்கொள். உங்களுக்குக் குளியலறை வசதி வேண்டும், அது நியாயம்தான். முன்கட்டுக்குப் பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பே பூசலாம். மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டுச் சுவர் கெட்டுவிடும். இந்த வேலை தெரிந்த ஆட்கள் தேவகோட்டைப் பக்கம் இரண்டு பேர் இருக்கிறார்கள், பெரியவர் நம்பர் கொடுத்தார். கூட நான் நிற்பேன். என்னால் சாரத்தில் ஏற முடியாவிட்டாலும் கீழே நின்று கலவை பதம் சொல்ல முடியும். தரைக்கு ஆத்தங்குடிக் கல் போட அம்மாவுக்கு ஆசை. பச்சையும் மஞ்சளும் கலந்த பூவாக ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். படம் அனுப்பச் சொல்கிறேன், மறுக்காதே.

ஐப்பசி கார்த்திகையில் மழை, வேலை ஆகாது. தையில் தொடங்கலாம். ஆனால் சுண்ணாம்பை இப்போதே வாங்கி ஊறப்போட்டால்தான் தைக்குப் பதம் வரும். அதனால் மாப்பிள்ளையோடு பேசிவிட்டு இந்த வாரத்துக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிடு. சரி என்றால் கொல்லையில் தொட்டி கழுவ ஆள் சொல்லிவிடுவேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா